ஆட்டம் வீக்

அன்று காலை நான் தோசைக்கல்லில் இலை வறுத்துக்கொண்டிருந்தேன்.

கீரை இல்லை. பாதாங்கொட்டை மரத்து இலை. பாதி பச்சையும் பாதி சிவப்புமாக, இரவெல்லாம் பெய்த மழையில் ஊறிக் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டு, தோசைத் திருப்பியால் அமுக்கி, ஓரம் சுருண்டதும் புரட்டிப் போட வேண்டும். எண்ணெய் விடக் கூடாது. கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். அவசரப்பட்டு எடுத்தால் துணி மாதிரி தொங்கும். பதம் பிடிபடுவதற்குள் நாலைந்து இலை வீணாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஜேக்கப் டவுன் பஸ் கண்டக்டர். முதல் டிரிப்புக்குக் கிளம்பியவர், புகை தாங்காமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார்.

"இதுக்குத் தொட்டுக்க இன்னா எஸ்தரு?"

"நானே கொதிச்சிக்கினு இருக்கிறேன். வாயைக் கிளறாம டூட்டிக்குப் போங்க."

"இல்லமா, பஸ்ஸுல யாராச்சும் உங்க வீட்ல இன்னா டிபன்னு கேட்டா சொல்லணும் இல்ல?"

திருப்பியை ஓங்கினேன். படியிறங்கி ஓடிவிட்டார். போன வாரம் இந்தத் தொடரில் வந்த எங்கள் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு, "என்னை ரொம்ப நல்லவனா எழுதிட்டியே, டெப்போவுல சிரிக்கிறாங்க" என்று வருத்தப்பட்டார். அந்தக் குறை இந்த வாரம் தீர்ந்திருக்கும்.

பெட்டியில் வந்த பருவம்

நான் டீச்சராக இருப்பது காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளியில். எல்லாம் மூன்று வயது, நான்கு வயது. மூக்கைத் துடைத்துக்கொள்ளத் தெரியாது. அம்மாவின் போனைத் திறக்கத் தெரியும். பள்ளியின் சொந்தக்காரர் ரேணுகா மேடம். பெயர்ப்பலகையும் பாடத்திட்டமும் மட்டும் வடக்கே எங்கோ இருக்கும் தலைமை அலுவலகத்துடையது. அங்கிருந்து மாதம் தவறாமல் ஒரு அட்டைப் பெட்டி வரும். அந்த மாதம் பிள்ளைகள் என்ன பாட வேண்டும், என்ன விளையாட வேண்டும், எதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருக்கும்.

அந்த ஐப்பசியில் வந்த பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் 'ஆட்டம் வீக்' என்று போட்டிருந்தது. நான் வாய்விட்டுப் படித்தேன். பிள்ளைகளுக்குக் கை கால் கழுவிவிடும் மல்லிகா அக்கா பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஆட்டம் வீக்கா? யாரு மிஸ் சொன்னது? நம்ம புள்ளைங்க ஆட்டம் கொஞ்சம் வீக்கா இருந்தா என் இடுப்பாவது தப்பிச்சிருக்குமே!"

அது அந்த ஆட்டம் இல்லை அக்கா, இலையுதிர் காலத்துக்கு இங்கிலீஷில் அப்படிப் பெயர், அதை ஒரு வாரம் கொண்டாட வேண்டுமாம் என்று விளக்கினேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"மழை இல்ல உதிருது?" என்றார்.

பெட்டிக்குள் சிவப்பும் ஆரஞ்சுமாகக் காகித இலைகள், ஒரு பஞ்சு அணில், ஒரு செய்முறைத் தாள். அணிலைப் பார்த்ததுமே பிள்ளைகள், "மிஸ், இதுக்குக் கோடு போட மறந்துட்டாங்க" என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஸ்கெட்ச் பேனாவால் அதன் முதுகில் மூன்று கோடு விழுந்தது. செய்முறைத் தாள் சொன்னது இது: பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லவும். உதிர்ந்த சருகுகள் மேல் நடக்க விடவும். அவை நொறுங்கும் ஓசையைக் கேட்கச் செய்யவும். மகிழ்ச்சியான முகங்களைப் படமெடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.

நம் ஊரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசியில் எல்லாம் முளைக்கும். மதில் மேல் முளைக்கும், தண்ணீர்த் தொட்டி இடுக்கில் முளைக்கும், மழையில் மறந்து விட்ட துடைப்பம்கூடத் துளிர் விட்டுவிடுமோ என்று பயமாக இருக்கும். போன் செய்து இதைத் தலைமை அலுவலகத்தில் சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, "கொஞ்சம் ட்ரை பண்ணுங்க மேம்" என்றாள். நான் ட்ரை பண்ணுவேன். மரம் பண்ண வேண்டாமா?

ஒரே ஒரு கம்ப்ளெயின்ட்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் இலை வறுக்கும் அளவுக்கு இறங்கி வந்ததற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மண்தரைதான் அது.

பெரிய இடம் இல்லை. ஒரு பாதாங்கொட்டை மரம், ஒரு முருங்கை, மீதியெல்லாம் மண். பாலாற்றுப் பக்கம் என்பதால் கொஞ்சம் மணல் கலந்திருக்கும். தினமும் அரை மணி நேரம் பிள்ளைகளை அங்கே விடுவேன். சேற்றில் இட்லி ஊற்றுவார்கள். ரயில் பூச்சி ஊர்ந்தால் முன்னால் ஒரு குச்சியை வைத்து, "ஸ்டேஷன் வந்துடுச்சு, எல்லாரும் எறங்குங்க" என்பார்கள். நத்தைகளை வரிசையாக வைத்து, எது பெரிசு எது சின்னது என்று சண்டை போடுவார்கள். பெரிசு, சின்னது பாடத்துக்காகப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் யானையும் ஒரு பிளாஸ்டிக் எலியும் வந்திருந்தன. இரண்டும் ஒரே அளவு.

தொல்லை என்னவென்றால், அந்த மண் பிள்ளைகளோடு வீட்டுக்கும் போனது. சாக்ஸில் போகும், சட்டைப் பையில் போகும். ஒருமுறை ஒரு பெண் குழந்தையின் தண்ணீர் பாட்டிலில் மண்புழுவோடு போனது. அம்மாக்கள் போன் செய்வார்கள். ரேணுகா மேடம் நல்ல மனுஷி. ஆனால் போன் அடித்தாலே முகம் வெளுத்துவிடும். கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மொபைலில் ஒரு படம் காட்டினார். பச்சைப்பசேலென்று பிளாஸ்டிக் புல் விரிப்பு.

"இத அந்த மண்ணு மேல போட்டுடலாம் எஸ்தர். தொடச்சா போதும். புழு இல்ல, பூச்சி இல்ல, போனும் இல்ல."

"அப்புறம் புள்ளைங்க எதுல மேடம் விளையாடும்? பிளாஸ்டிக்க நோண்டினா பிளாஸ்டிக்தானே வரும்?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பில் ரைம்ஸ் நின்றுபோனது. மேடம் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"சரி. கத்தாத. இந்த ஆட்டம் வீக் முடியட்டும். நல்ல போட்டோவா போகணும். ஒரு கம்ப்ளெயின்ட் வரக்கூடாது. ஒண்ணே ஒண்ணு வந்தாலும் கார்ப்பெட் போட்டுடுவேன். பேச்சு மாறக்கூடாது, சரியா?"

சரி என்றேன். ஒரு வாரம் முழுக்க, இத்தனை பெற்றோரில், ஒருத்தர்கூடக் குறை சொல்லாமல்! மூக்கு ஒழுகாத பிள்ளையைத் தேடிப்பிடிப்பது இதைவிடச் சுலபம். ஆனாலும் அந்த மண்ணை விட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பள்ளியில் பிள்ளைகளை யாரும் "ஷ்ஷ்" என்று அடக்காத இடம் அது ஒன்றுதான்.

உப்பு இல்லாத அப்பளம்

வறுத்த இலைகளை முறுக்கு டப்பாவில் அடைத்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். வராண்டாவில் பரப்பினேன். கவின் என்று ஒரு குண்டுப் பையன், பேங்கில் வேலை பார்க்கும் சுரேஷ் சாருடைய மகன், முதலில் காலை வைத்தான்.

நொறுக்கென்றது. வகுப்பே குனிந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐப்பசி மழையில் காஞ்சிபுரத்தில் சருகு நொறுங்கும் ஓசையை வரவழைத்துவிட்டேன்!

"மிஸ், அப்பளம்!" என்று கத்தினான் கவின்.

அவ்வளவுதான். மிதிக்க வேண்டியதையெல்லாம் எடுத்துக் கடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மல்லிகா அக்கா ஒவ்வொரு வாயாக விரலை விட்டு இலையை வெளியே எடுத்தார். "உப்பு இல்ல மிஸ்" என்று கூட்டத்தில் ஒரு குரல் வேறு. நான் மொபைலை எடுப்பதற்குள் ஒரு சாரல் அடித்து, மிச்சமிருந்த இலையெல்லாம் பழையபடி துணியாகிவிட்டது. கடைசியில் எனக்குக் கிடைத்த ஒரே படத்தில், கவினின் வாய்க்குள் மல்லிகா அக்காவின் விரல் இருந்தது. அதை எப்படி அனுப்புவது?

"இங்க வெல்வெட்டு நடக்குது"

வார நடுவில் ஒருநாள் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. இதுதான் சமயம் என்று எல்லோரையும் மண்ணில் இறக்கிவிட்டேன். தரையிலிருந்து ஆவி மாதிரி ஈர வாசனை எழுந்துகொண்டிருந்தது.

தனலட்சுமி முருங்கை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளை தனு என்று கூப்பிடுவோம். பிள்ளையார்பாளையத்திலிருந்து வேனில் வருகிற நான்கு வயதுக்காரி. அப்பா முருகேசன் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவர். தனு எதற்கும் அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள். ஆனால் நாம் ஒன்று சொன்னால், "அப்போ" என்று ஆரம்பித்து அடுத்த கேள்வியைக் கேட்பாள். அந்த "அப்போ" கேட்டாலே நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

"மிஸ், இங்க வெல்வெட்டு நடக்குது."

எட்டிப் பார்த்தேன். செக்கச்செவேலென்று, குந்துமணி அளவில், உடம்பெல்லாம் பட்டு ரோமத்தோடு ஒன்று மண்ணில் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"ஐயோ, பட்டுப்பூச்சி!" என்று நான் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கா பறந்துபோனது.

நான் மாகறல்காரி. எங்கள் பக்கம் மழைக்குப் பிறகு இதைப் பிடித்துத் தீப்பெட்டியில் புல்லோடு அடைத்து வைப்போம். என் தம்பி ஒருமுறை தீப்பெட்டியோடு சர்ச்சுக்கு வந்து, ஜெபத்தின்போது லேசாகத் திறந்து பார்த்திருக்கிறான். ஒன்று நழுவி, முன்னால் முழங்காலிட்டிருந்த பெரியவரின் வெள்ளை வேட்டியில் ஏறியது. அவர் ரத்தம் என்று நினைத்து ஸ்தோத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, "ஐயோ அம்மா" என்று எழுந்துவிட்டார். அதற்கு என் அப்பா கொடுத்த அடி தம்பிக்கு விழுந்தது. சிரித்ததற்காக எனக்கும் விழுந்தது. எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பூச்சியை அன்றுதான் மறுபடி பார்க்கிறேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பட்டு மாதிரி இருப்பதால் இதற்குப் பட்டுப்பூச்சி என்று பெயர். பட்டு நூல் கொடுக்கிறதே, அதற்கும் பட்டுப்பூச்சி என்றுதான் பெயர். மாகறலில் இதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை. காஞ்சிபுரத்தில், அதுவும் தனு மாதிரி ஒருத்தியிடம் சொன்னால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

"இது எப்போ மிஸ் வரும்?" என்றாள் தனு.

"மழை பெய்யணும். மழை வந்தாதான் பட்டுப்பூச்சி வரும்."

"அப்போ, மழை வந்தா பட்டு வருமா?"

கவின் ஒரு பூச்சியை மூக்கருகே கொண்டுபோயிருந்தான். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "வரும் வரும்" என்றேன்.

அவள் வீட்டில் அந்த வாரம் முழுக்க நடந்துகொண்டிருந்த பேச்சு எனக்குத் தெரியாது. பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு விரித்து, கஞ்சி போட்டுக் காயவைத்துத்தான் தறியில் ஏற்றுவார்கள். அதற்குப் பாவு போடுவது என்று பெயர். மழைக்காலத்தில் அது நடக்காது. தறி சும்மா நிற்கும். முருகேசன் கூரையைப் பார்த்து, "இந்த மழையில எங்கேர்ந்து பட்டு வரும்?" என்று புலம்பிக்கொண்டே இருந்திருக்கிறார். மழையில் பட்டு வராது என்கிறார் அப்பா. மழை வந்தால்தான் வரும் என்கிறாள் மிஸ். தனு யாரை நம்புவாள்?

"எங்கப்பாகிட்ட பட்டு இல்ல. எல்லாரும் புடிச்சுக் குடுங்க" என்று அவள் மற்ற பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறாள். ஒருவர் பாக்கியில்லாமல் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அன்று பாடம் அற்புதமாகப் போவதாக நினைப்பு. எல்லோரும் குனிந்து தேடிக்கொண்டிருந்ததால் படத்தில் மகிழ்ச்சியான முகம் ஒன்றுகூட விழவில்லை, முதுகுகள்தான் விழுந்தன. தனுவின் டிபன் பாக்ஸ் தயிர்சாதத்தோடு வந்தது, பட்டுப்பூச்சியோடு வீட்டுக்குப் போனது.

வாட்ஸப்பில் வெந்நீர்

சாயங்காலம் பெற்றோர் வாட்ஸப் குழுவில் முதல் செய்தி வந்தது: "பிள்ளைகளை வைத்துப் பட்டுப்பூச்சி பிடிக்கச் சொல்கிறார்களாமே, உண்மையா?"

அடுத்து: "ஆமாம். பிடித்து ஒரு நெசவாளர் வீட்டுக்கு அனுப்பினார்களாம். என் மகனே சொன்னான்."

அடுத்து: "அதை வெந்நீரில் போட்டுக் கொல்வார்கள் என்று சொன்னேன். என் பெண் அழுகையை நிறுத்தவில்லை."

நடுவில் யாரோ ரோஜாப்பூப் போட்டு இனிய மாலை வணக்கம் சொன்னார். அதற்குக் கீழே ஒருவர், "கிலோ என்ன ரேட்?" என்று கேட்டிருந்தார். அவர் விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மேடத்திடமிருந்து போன் வந்தது. குரல் உடைந்திருந்தது.

"ஒண்ணு வரக்கூடாதுன்னேன் எஸ்தர். ஊரே வந்துக்கினு இருக்குது. கார்ப்பெட்காரன்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை வர்றான்."

ஜேக்கப் தட்டில் சாதம் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தொட்டுக்க என்ன என்று கேட்கவில்லை.

கேட் வாசலில்

மறுநாள் காலை பள்ளி வாசலில் கூட்டம். முன்னால் சுரேஷ் சார், ஆபீஸ் ஷூ பளபளக்க.

"மேடம், நாங்க புள்ளைய ஏ பி சி டி படிக்க அனுப்பறமா, இல்ல யாரோ நெசவுக்காரருக்குப் பட்டுப்பூச்சி புடிச்சுத் தர அனுப்பறமா? இது சைல்டு லேபர் இல்லையா?"

சின்ன காஞ்சிபுரத்து வைதேகி மாமி, "எங்க ஆராதனா கையால ஜீவஹத்தி நடந்திருக்கே, பெருமாள் மன்னிப்பாரா?" என்று கண்ணைத் துடைத்தார். பெருமாளைச் சேவித்துவிட்டு நேராக வந்தவர், பட்டுப் புடவையில் இருந்தார். அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன், வலித்தது.

அந்தச் சமயம் பார்த்து முருகேசன் வண்டியில் வந்து இறங்கினார். முன்னால் தனு, மடியில் டிபன் பாக்ஸ். சுரேஷ் சார் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. நேராக அவர் முன்னால் போய் நின்றார். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போச்சு" என்றார்.

"பூச்சி புடிச்சுக் குடுத்தது உங்க புள்ளயா சார்?"

"ஆமா. அதுக்கின்னா இப்போ?"

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

சுரேஷ் சார் திருதிருவென்று விழித்தார்.

"தறி நின்னு இத்தினி நாளாச்சு. இன்னா முருகேசா, எப்படி இருக்கிறன்னு சொந்தக்காரன் ஒருத்தன் கேக்கல. இந்தப் புள்ளைங்க எனக்குப் பட்டு இல்லன்னு மண்ண நோண்டித் தேடிக் குடுத்திருக்குதுங்க. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல சார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மிஸ்ஸு, எப்போ நெய்யப் போற, எப்போ நெய்யப் போறன்னு உயிர எடுக்கிறா. இதுக்கு இன்னா தீனி போடணும்? இதுதானா அது?"

"உங்களுக்குத் தெரியாதா? காலமெல்லாம் பட்டு நெய்யறீங்க!"

"நூலைத்தான் பாத்திருக்கிறேன். பூச்சிய எங்க பாத்தேன்? அது கர்நாடகா பக்கம் கீது."

"அது வெள்ளையா இருக்கும்பா" என்றார் வேன் டிரைவர். "இல்ல, செவப்புப் பட்டுக்குச் செவப்புப் பூச்சி, பச்சைக்குப் பச்சை" என்றார் பிள்ளையை விட வந்த இன்னொரு நெசவாளர். பட்டுக்குப் பேர்போன ஊரின் வாசலில் நின்றுகொண்டு, பட்டுப்பூச்சி எப்படி இருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நூல் கொடுப்பது வேறு. அது முசுக்கொட்டை இலை தின்னும் வெள்ளைப் புழு. இது மழைக்கு வரும் பூச்சி, பெயர் மட்டும் ஒன்று.

"அப்போ," என்றாள் தனு, "இது பட்டு குடுக்காதா?"

"குடுக்காதும்மா."

எதற்கும் அழாத பிள்ளையின் கீழுதடு நடுங்கியது. டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் மண்ணாவது கார்ப்பெட்டாவது, எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

என்ன சிவப்பு?

முருகேசன் மகளுக்கு முன்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். ஏதோ ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் உள்ளே பார்த்ததும் நெற்றி சுருங்கிவிட்டது.

"தே, இன்னா செவப்பு இது?"

"அரக்கு" என்றார் அந்த இன்னொரு நெசவாளர், முருகேசன் தோள் வழியாக எட்டிப் பார்த்து.

"அரக்கா? கண்ணு தெரியுதா உனக்கு? அரக்கு இவ்ளோ எடுப்பா இருக்குமா?"

"மொளகாப்பழச் செவப்பு" என்றார் வேன் டிரைவர்.

வைதேகி மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தள்ளுங்கோ. இது குங்குமச் சிவப்பு. என் கூறைப்புடவை இதே கலர். எனக்குத் தெரியாதா?"

"மெரூன் மாதிரி இல்ல இருக்குது?" என்றார் சுரேஷ் சார்.

அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! கம்ப்ளெயின்ட் பண்ண வந்தபோதுகூட அவர்கள் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

"டப்பா நெழல்ல கலர் தெரியாது சார்" என்றார் முருகேசன் பொறுமையாக. "வெயில்ல வச்சுப் பாக்கணும். எங்க மிஸ்ஸு புடிச்சது?"

நான் பின்பக்கம் கையைக் காட்டினேன். கூட்டம் மொத்தமும் மண்ணில் இறங்கியது. தனுவிடம் டப்பாவைக் கொடுத்து, ஒவ்வொன்றாக நீயே விடு என்றேன். அவள் ஒன்றை விட, அதைச் சுற்றிப் பெரியவர்கள் எல்லோரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். "ஷூ போட்டுக்கினு வராத டாடி, பூச்சிய மிதிச்சுடுவ" என்று கவின் அதட்டினான். சுரேஷ் சார் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பூச்சி வெயிலில் நடந்தது. நடக்க நடக்க அதன் நிறம் மாறி மாறி மின்னியது. முருகேசன் தொடையில் தட்டினார்.

"பாவு அரக்கு, குறுக்க ஓடற ஊடை ஆரஞ்சு! அதான் ரெண்டு கலர் அடிக்குது. கண்ணு, இந்த மாதிரி ஒண்ணு நெய்யட்டுமா? மழை வுடட்டும், மொதல்ல இதான்."

"அப்போ," என்றாள் தனு, "இது பட்டு குடுக்காது. கலர் குடுக்கும்."

"ஆமாம் கண்ணு. நீதான் கொண்டாந்து குடுத்த" என்றார் அவர்.

மேடம் வராண்டாவில் நின்று ஒரு படம் எடுத்தார். சேற்றில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், அவர்கள் முதுகில் தொங்கும் பிள்ளைகள், எல்லோருக்கும் வாயெல்லாம் பல். ஆட்டம் வீக்குக்கு அதையே அனுப்பிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து உடனே பதில் வந்தது: "அருமையான முகங்கள். இலைகள் எங்கே?" மேடம் யோசித்து, "உதிரவில்லை" என்று எழுதினார்.

எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்டேன். "அப்போ கார்ப்பெட்டு, மேடம்?"

"சிரிச்சுக்கினு போனாலும் வந்தது வந்ததுதானே எஸ்தர். எத்தினி கம்ப்ளெயின்ட்! நாளைக்குத் தேள் வந்தா? பேச்சு பேச்சுதான்."

நானும்தான் சரி என்று சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை

வெள்ளிக்கிழமை அடைமழை. பிள்ளைகளை வெளியே விட முடியவில்லை. திங்கட்கிழமை காலை தூறலோடு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பச்சைச் சுருள் ஒன்றை இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பிள்ளைகளை விட வந்த பெற்றோர் எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மேடத்தின் அறையில் கைகட்டி நின்றேன். கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று போயிருந்தேன்.

போன் அடித்தது. மேடத்தின் முகம் வழக்கம்போல வெளுத்தது.

"சார்... ஆமா சார்... இல்ல சார்... சாரி சார்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சுரேஷ் சார். கம்ப்ளெயின்ட்."

"இன்னா மேடம்?"

"வெள்ளிக்கிழமை புள்ளைய மண்ணுல விடலையாம். லீவு நாள்லாம் ஒரே அழுகையாம். இப்போ எதுக்குப் பச்சைக் கார்ப்பெட் வந்திருக்குதுன்னு கேக்கறாரு."

மறுபடி அடித்தது. இந்த முறை வைதேகி மாமி. குரல் வெளியே வரைக்கும் கேட்டது. ஆராதனா பிடித்துக் கொடுத்த பூச்சி அந்த மண்ணில்தான் இருக்கிறதாம், அதன் தலையில் பிளாஸ்டிக்கைப் போட்டு மூடினால் அது ஜீவஹத்தி இல்லையா என்று கேட்டார். அது முடிவதற்குள் முருகேசன் போன் செய்துவிட்டார்.

மேடம் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"மண்ணால கம்ப்ளெயின்ட் வந்தா கார்ப்பெட்டுன்னு சொன்னேன்" என்றார். "கார்ப்பெட்டால கம்ப்ளெயின்ட் வந்தா இன்னா பண்றதுன்னு நாம பேசவே இல்லையே எஸ்தர்?"

எனக்குச் சிரிக்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை.

வெளியிலிருந்து கார்ப்பெட்காரர் குரல் கொடுத்தார். "மேடம், தோள் வலிக்குது. இத எங்க போடறது?"

மேடம் எழுந்து வாசலுக்குப் போனார். பின்னால் மண்தரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மல்லிகா அக்காவின் கையை உதறிக்கொண்டு தனுவும் கவினும் ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தார்கள்.

"இந்த வராண்டாவுலயே விரிச்சுடுப்பா" என்றார். "மண்ணுலேர்ந்து ஏறி வர்றவங்க கால் தொடைக்க ஒண்ணு வேணும் இல்ல?"

சொல்லிவிட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றினார்.